ஆறாவது வீச்சு

பத்து மாதத்து லாப்ரடார் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கான்வாஸ் துணிக்குள் கந்தலை அடைத்துத் தைத்த உருளை ஒன்றைப் பயிற்றுநர் தூக்கி எறிகிறார். இதற்கு டம்மி என்று பெயர். செத்த பறவைக்குப் பதிலி. முதல் வீச்சுக்குக் குட்டி வெறிபிடித்த மாதிரி ஓடிப்போய்க் கவ்விக்கொண்டு வருகிறது. இரண்டாவது, மூன்றாவது எல்லாம் ஜோர். அஞ்சாவதுக்கு ஓட்டம் நடையாகிறது. ஆறாவதுக்குப் போகிறது, மோந்து பார்க்கிறது, அப்படியே போட்டுவிட்டுப் பக்கத்துப் புதரை விசாரிக்கப் போய்விடுகிறது. மறுநாள் மூன்றாவது வீச்சிலேயே இது நடக்கிறது. ஒரு வாரம் கழித்து டம்மியைக் கையில் எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

வீட்டு நாயென்றால் சிரித்துவிட்டு உள்ளே போய்விடலாம். வேட்டைக்குப் போகிற நாய் விஷயம் வேறு. சிறகில் ரவை பட்டு நாணலுக்குள் விழுந்த வாத்து உடனே சாவதில்லை. நாய் போய் எடுத்துவராவிட்டால் அங்கேயே கிடந்து மெல்ல மெல்லச் சாகும். ஆகவே "எனக்கு இஷ்டமில்லை" என்று நின்றுவிட்ட இளம் நாயை என்ன செய்வது என்பது வேட்டைக்காரர்களுக்கு விளையாட்டுக் கேள்வியாக இருந்ததில்லை. நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக இதற்குப் பதில் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். நான் நாய் வளர்க்கிற ஆள் இல்லை, நாய்ப் புத்தகம் படிக்கிற ஆள். நாய் செய்வது என்னவோ ஒன்றேதான்: நின்றுவிடுகிறது. அந்த நிற்றலை ஒவ்வொரு காலத்து மனிதர்களும் எப்படியெல்லாம் புரிந்துகொண்டார்கள் என்பதுதான் என்னைப் பிடித்து இழுத்தது.

எடுத்துவருவதையே முழுநேர உத்தியோகமாகக் கொண்ட நாய் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தயாரிப்பு. குழாயின் வாய்வழியாக மருந்து இடித்து நிரப்புகிற துப்பாக்கி இருந்தவரை ஒரு நாளில் விழுகிற பறவைகள் கொஞ்சம்தான். பின்பக்கம் தோட்டா போடுகிற துப்பாக்கி வந்தது. ஆட்களை வைத்துக் காட்டைக் கலைத்துப் பறவைகளைத் துப்பாக்கிகளை நோக்கி விரட்டுகிற பிரபுக்களின் வேட்டை வந்தது. நூற்றுக்கணக்கில் விழுந்தன. பொறுக்கி எடுக்கத் தனி நாய் தேவைப்பட்டது. நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களிடமிருந்த குட்டை முடி நீர்நாய்கள் காட் மீன் ஏற்றிவந்த கப்பல்களில் இங்கிலாந்தின் பூல் துறைமுகத்துக்கு வந்து இறங்கின. (நீர்நாய் என்றதும் ஆற்றில் மீன் பிடிக்கிற அந்தப் பிராணியை நினைத்துவிடாதீர்கள். இது நீந்தப் பழகிய நாய், நாயேதான்.) மாம்ஸ்பரி பிரபுவின் குடும்பம் அவற்றை வளர்த்தது; 1880களில் அங்கிருந்து சில நாய்கள் ஸ்காட்லாந்தின் பக்ளூ பிரபுவிடம் போயின. 1903இல் கென்னல் கிளப் அந்த இனத்தை அங்கீகரித்தது. நம் ஊர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் செருப்பைக் கவ்விக்கொண்டு அலைகிற லாப்ரடாருக்கு இதுதான் பூர்வீகம்.

1848இல் ஹட்சின்சன் என்ற ராணுவ அதிகாரி எழுதிய பயிற்சிப் புத்தகத்தின் பெயர் 'டாக் பிரேக்கிங்'. அந்தக் காலத்தில் நாயைப் பழக்குவதற்கே அந்தச் சொல்தான். முரட்டுக் குதிரையை அடக்குவதற்குச் சொல்லும் அதே சொல். அடியாத மாடு படியாது என்று நம்மிடம் இருக்கிறதே, அந்த வகையறா. ஆனால் புத்தகத்தைத் திறந்தால் ஆள் தலைப்பைவிட மென்மையானவர். பொறுமை, பரிசு, சைகை மாறாமல் இருத்தல் என்றுதான் பேசுகிறார். 1880களில் அமெரிக்காவில் ஹாம்மண்ட் என்பவர் பயிற்சி வேறு, முறிப்பது வேறு என்று தன் புத்தகத் தலைப்பிலேயே பிரித்து வைத்தார். அப்படியானால் வரலாறு கொடுமையிலிருந்து கருணைக்கு நேராக நடந்துவந்தது என்று முடித்துவிடலாமா? முடியாது. அதே காலத்தில்தான் எதிர்த்திசையிலும் ஒரு முறை கூர்மையாகிக்கொண்டிருந்தது.

அது கட்டாய எடுத்துவருதல். நாயின் காது மடலைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துவார்கள். அல்லது முன்னங்கால் விரலில் கயிற்றைச் சுற்றி இழுப்பார்கள். வலியில் நாய் வாயைத் திறக்கும். திறந்த கணத்தில் கட்டையை உள்ளே வைத்து, பிடியை விட்டுவிடுவார்கள். கட்டை வாயில் இருந்தால் வலி இல்லை. கீழே போட்டால் மறுபடி வலி. பிறகு கட்டையை ஒரு சாண் தள்ளிப் பிடிப்பார்கள், பிறகு தரையில், பிறகு பத்தடி தள்ளி. கடைசியில் நாய் வலியிலிருந்து தப்பிக்க ஓடுகிற மாதிரிக் கட்டையை நோக்கி ஓடும். இன்றைக்கும் அமெரிக்க வேட்டைநாய் உலகில் இது வழக்கொழியவில்லை.

படித்ததும் குமட்டியது. ஆனால் அவர்கள் தரப்பையும் கேட்கணும். ஆசையாக எடுத்துவருகிற நாய் ஆசை இருக்கிறவரைதான் எடுத்துவரும் என்பது அவர்கள் வாதம். ஜெர்மனியில் ஒரே நாய் எல்லா வேலையும் பார்க்க வேண்டியிருந்தது: மோப்பம் பிடித்து நிற்கணும், அடிபட்ட மானின் ரத்தத் தடத்தைத் தொடரணும், முயலைத் தூக்கி வரணும், நரியையும் தூக்கி வரணும். செத்த நரியின் வாடை பல நாய்களுக்குப் பிடிப்பதில்லை. பிடிக்காததைச் செய்ய வைக்க விருப்பத்தை நம்பினால் எப்படி? ஓபர்லெண்டர் என்ற புனைபெயரில் 1890களில் எழுதியவர் கட்டாயப் பயிற்சியை ஒரு முழு முறையாகவே வகுத்தார். 1910இல் சார்புருக்கன் நகரத்துப் போலீஸ் அதிகாரி கொன்ராட் மோஸ்ட் சேவை நாய்ப் பயிற்சி பற்றிப் புத்தகம் எழுதினார். அதில் ஒரு விசித்திரம். நாயை மனிதனாகப் பார்க்காதீர்கள், அதற்கு நம்மைப் போன்ற நல்லது கெட்டது தெரியாது என்று தெளிவாகச் சொல்கிறார். வேண்டுமென்றே அடம்பிடிக்கிற, நன்றிகெட்ட நாய் என்றொரு ஜென்மமே கிடையாது. சரிதான். ஆனால் அந்தத் தெளிவு அவரைக் கட்டாயத்தைக் கைவிட வைக்கவில்லை. கோபமில்லாமல், கணக்காகக் கட்டாயப்படுத்தக் கற்றுக்கொடுத்தது. கோபத்தில் அடிக்கிறவனைவிட இது எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பயமூட்டுகிறது.

இங்கிலாந்துக்காரர்களின் பதில் வேறு மாதிரி போனது. அவர்கள் வேட்டையில் நாயின் பெரும்பகுதி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதில்தான் கழியும். சுற்றிலும் பறவைகள் பொத்துப் பொத்தென்று விழும், நாய் அசையக் கூடாது. சொன்ன பிறகு, சொன்ன ஒன்றை மட்டும் எடுத்துவரணும். அதனால் பயிற்சியிலேயே எறிந்த டம்மிகளில் பாதியைப் பயிற்றுநர் தானே நடந்துபோய்ப் பொறுக்கிக்கொள்வார். நாய் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். அடக்கம் பழக்கத்தான் இப்படி. ஆனால் அதற்கு ஒரு பக்கவிளைவும் உண்டு: எடுத்துவருவது கடமை என்பது போய், எப்போதாவது கிடைக்கிற சலுகையாகிவிடுகிறது. "எனக்கு விடமாட்டாரா?" என்று நாய் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இந்த மரபில், ஆர்வம் விட்டுப்போன குட்டிக்கு முதல் வைத்தியம் டம்மியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவது. ஒரு வாரம், இரண்டு வாரம். விட்டுப் பிடிக்கிறது என்போமே, அதுதான். அடுத்து வாயைத் திறந்து பார்ப்பார்கள். நாலு மாதத்திலிருந்து ஆறேழு மாதம் வரை பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும். ஈறு புண்ணாக இருக்கும்போது கெட்டியான பொருளைக் கவ்வச் சொன்னால் எந்தக் குட்டி வரும்? அப்புறம் பயிற்றுநரின் கையைப் பார்க்கணும். பெரும்பாலும் குற்றவாளி அங்கேதான் இருக்கும். குட்டி பெருமையாகக் கொண்டுவந்த பொருளை வந்ததும் வராததுமாகப் பிடுங்கினால், அது கற்றுக்கொள்கிற பாடம் ஒன்றுதான்: இவரிடம் கொண்டுபோனால் நம் பொருள் போய்விடும். அதற்குப் போகாமலே இருக்கலாம். ஆகவே வாங்காதே, முதலில் நெஞ்சைத் தடவிக்கொடு, கொஞ்ச நேரம் அது வாயிலேயே வைத்திருக்கட்டும் என்பார்கள். குட்டியை நோக்கி நடக்காதே, முதுகைக் காட்டி எதிர்த்திசையில் ஓடு, துரத்திக்கொண்டு வரும். திரும்ப ஆரம்பிக்கும்போது டம்மியில் புறாச் சிறகு இரண்டைக் கட்டி, ஒரே ஒரு தடவை எறி. ஓடிப்போய் எடுத்து வந்து, இன்னொன்று வேண்டும் என்று கண்ணால் கேட்கும். எறியாதே. பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போ.

இதைப் படிக்க எனக்கு ஆனந்தமாக இருந்தது, மறைக்க விரும்பவில்லை. ஆனால் இந்தப் பொறுமைக்கும் ஒரு விலை உண்டு. சம்பளம் வாங்குகிற வேட்டைக்காவலர், வருஷக்கணக்கில் அவகாசம், பண்ணை நிறைய நாய்கள் இருந்த இடத்தில்தான் இது விளைந்தது. ஒரு நாய் தேறாவிட்டால் இன்னொன்று இருக்கும். ஒற்றை நாயும் ஞாயிற்றுக்கிழமையும் மட்டும் வைத்திருந்த ஆளுக்குக் காது மடல் குறுக்கு வழியாகத் தெரிந்திருக்கும்.

வலியும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம், தீனியைக் காட்டினால் எல்லாம் நடக்கும் என்று ஒரு மூன்றாவது கட்சியும் வந்தது. உளவியலாளர் ஸ்கின்னரின் மாணவர்களான கெல்லர் பிரீலண்ட், மரியன் பிரீலண்ட் தம்பதி விலங்குப் பயிற்சியையே தொழிலாகச் செய்தவர்கள். பன்றிக்கு ஒரு வேடிக்கை பழக்கினார்கள்: மர நாணயத்தைக் கவ்விப் போய் உண்டியலில் போட்டால் தீனி. சுலபமாகக் கற்றுக்கொண்டது. குஷியாக ஓடி ஓடிப் போட்டது. சில வாரங்கள் போனதும் மெதுவானது. நாணயத்தைக் கீழே போடும், மூக்கால் மண்ணில் உருட்டும், மேலே தூக்கி எறியும், மறுபடி உருட்டும். பசியைக் கூட்டிப் பார்த்தார்கள். இன்னும் மோசமானது. கடைசியில் நாலு நாணயத்தை ஆறடி தூரம் கொண்டுபோகப் பத்து நிமிஷம். அன்றைய வயிற்றுக்கே போதாத அளவு தாமதம். 1961இல் இதைக் கட்டுரையாக எழுதியபோது, தாங்கள் கற்ற கோட்பாடு இங்கே தோற்றது என்று அவர்கள் ஒளிக்காமல் சொன்னார்கள். பன்றி மண்ணைக் கிளறப் பிறந்தது. உண்டியல் அதற்கு நாம் வைத்த வேலை.

ஆகப் பசியும் ஓர் எல்லை வரைக்கும்தான். அப்படியென்றால் அந்த ஆர்வம் எங்கேதான் இருக்கிறது? இந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த நல்ல பதில் வேட்டைக்காரர்களிடமிருந்து வரவில்லை. கலிஃபோர்னியாவின் சான் ரஃபேலில், பார்வையற்றோருக்கு வழிகாட்டி நாய் தயாரிக்கும் அமைப்பிலிருந்து வந்தது. 1946இல் அங்கே வேலையைத் தொடங்கியபோது, பயிற்சிக்கு வந்த நாய்களில் தேறியவை வெறும் 9 சதவீதம் என்று எழுதுகிறார் கிளாரன்ஸ் ஃபாஃபன்பெர்கர். எட்டு வாரம் முதல் பன்னிரண்டு வாரம் வரை குட்டிகளை வாரம் ஒருமுறை சோதித்தார். அதில் ஒன்று, பந்தை எறிந்து எடுத்துவருகிறதா என்று பார்ப்பது. வழிகாட்டி நாய்க்கு அதன் வேலையில் எதையும் எடுத்துவர வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் பந்தை மனிதரிடம் விருப்பத்தோடு கொண்டுவருகிற குட்டிதான் பிற்பாடு தேறியது. மற்றச் சோதனைகளைவிட இது அதிகம் சொன்னது. குட்டிக்கு முக்கியம் பந்து இல்லை, பந்தை வாங்கிக்கொள்ள ஒருத்தர் நிற்கிறாரே, அவர்தான்.

அங்கேயும் ஒரு சிக்கல். நன்றாகத் தேறிய குட்டிகளே சில பிறகு உபயோகமில்லாமல் போயின. ஃபாஃபன்பெர்கரும் ஆய்வாளர் ஜான் பால் ஸ்காட்டும் பதிவேடுகளைப் பிரித்துப் பார்த்து 1959இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சோதனை முடிந்த ஒரு வாரத்துக்குள் வளர்ப்பு வீடுகளுக்குப் போன குட்டிகளில் 90 சதவீதம் வழிகாட்டி நாய்களாயின. மூன்று வாரத்துக்கு மேல் கொட்டிலிலேயே இருந்தவற்றில் 30 சதவீதம்தான். அதே குட்டிகள், அதே பந்தைக் கொண்டுவந்தவை. இடையில் யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. வாரம் ஒருமுறை வந்து தன்னோடு மட்டும் விளையாடிய ஆள் வருவது நின்றுபோனது, அவ்வளவுதான். பிறகு பன்னிரண்டு வாரம் ஆனதும், ஃபோர்-எச் என்ற கிராமத்துச் சிறுவர் சங்கத்துப் பிள்ளைகள் வந்து குட்டிகளை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.