தற்கொலை எண்ணத்தை அறியும் வினாக்கள்: மொழிபெயர்ப்பு மட்டும் போதாதது ஏன்?

திருவனந்தபுரம்: தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, கேரளத்தில் தற்கொலை விகிதம் லட்சம் பேருக்கு 28.5, தேசிய சராசரி 12.4. ஆபத்தில் இருப்போரை முன்கூட்டியே கண்டறிய மருத்துவர்கள் வினாப்பட்டியல்களைப் பயன்படுத்துகின்றனர். அவற்றில் பல ஆங்கிலத்தில் உருவானவை.

2001-இல் வெளியான ‘பி.எச்.கியூ-9’ மனச்சோர்வை அளவிடும் பட்டியலாகும். அதன் ஒன்பதாவது வினா, கடந்த 2 வாரங்களில் சாவை விரும்பும் எண்ணமோ தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணமோ எழுந்ததா என்பதைப் பற்றியது.

இதைத் தமிழிலோ மலையாளத்திலோ கேட்பது எளிதன்று. ‘செத்தால் தேவலை’ என்பது அலுப்பில் பலரும் சொல்லும் பேச்சு. அச்சொல்லைக் கையாண்டால், ஆபத்தில் இல்லாதவரும் ‘ஆம்’ என்று கூறக்கூடும். ‘தற்கொலை’ என்று நேரடியாகக் கேட்டால், உண்மையிலேயே தவிப்பவர் அச்சத்தாலும் அவமானத்தாலும் மறுக்கக்கூடும். முதல் பிழையால் மருத்துவரின் நேரம் வீணாகும். இரண்டாவது பிழை உயிரையே பறிக்கலாம்.

சீன மொழியிலும் இச்சிக்கல் எழுந்தது. அமெரிக்க மருத்துவர் ஆர்தர் கிளைன்மன் 1980-களில் ஹூனான் மாகாணத்தில் நடத்திய ஆய்வில், மனச்சோர்வு கொண்ட பலர் தலைவலி, தூக்கமின்மை போன்ற உடல் உபாதைகளையே முதன்மையாகக் கூறியது தெரியவந்தது.

ஆகவே, வினாக்கள் முதலில் மொழிபெயர்க்கப்பட்டு, நிபுணர் குழுவால் ஆராயப்படுகின்றன. பின்னர், மூலத்தை அறியாத மற்றொருவர் அவற்றை மீண்டும் ஆங்கிலத்திற்கு மாற்றுகிறார். அதன்பின் பொதுமக்கள் சிலரிடம், அவ்வினாவை எவ்வாறு புரிந்துகொண்டனர் என்று கேட்கப்படுகிறது. இறுதியாக, விடைகள் மனநல மருத்துவரின் நேர்காணலுடன் ஒப்பிடப்படுகின்றன.

உள்ளூரிலேயே வினாக்களை உருவாக்குவது மற்றொரு வழி. திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் ஆரம்பநிலை சிகிச்சைக்கென உருவாக்கிய, நான்கு வினாக்கள் கொண்ட மனச்சோர்வுப் பட்டியல் 2017-இல் வெளியானது.

விடையின் உண்மைத்தன்மையில் சட்டத்திற்கும் பங்குண்டு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும் என்கிறது. ஆயினும், தண்டனை குறித்த பழைய அச்சம் உள்ளவரிடம், கேட்கப்படும் விதமே அவர் மனம் திறப்பதைத் தீர்மானிக்கிறது.

வினாப்பட்டியல் எதுவும் நோயறிதல் ஆகாது. ‘ஆம்’ என்ற விடை கிடைத்ததும் மருத்துவர் நேரில் பேசி உதவ வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

(மன உளைச்சலுக்கு ஆலோசனை பெற: டெலி-மானஸ் 14416; கேரளத்தில் திஷா 1056.)