முதல் இழுப்பின் வரலாறு: உக்கா முதல் வேப் வரை

காஜிமார் தெருவில் சென்ற மாதம் ஓர் அஸர் தொழுகைக்குப் பின் கல்லூரி மாணவர் ஒருவர் நம்மிடம் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார். துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த அவருடைய நண்பர், பேனா அளவில் ஒரு மின்சிகரெட்டைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். மாம்பழ மணம், சாம்பல் இல்லை, வாயில் நாற்றம் இல்லை. "புதிதாகத் தொடங்குகிறவனுக்கு எது ஏற்றது? நிக்கோட்டின் குறைந்ததா, நிக்கோட்டினே இல்லாததா? அதில் சேரும் கிளிசரின் ஹலாலா?" என்பதே கேள்வி. அவர் அதுவரை பீடியோ சிகரெட்டோ தொட்டதில்லை.

சட்டத்தைக் கொண்டு ஒரு வரியில் பதில் சொல்லி முடித்திருக்கலாம். ஆயினும் 'தொடங்குகிறவனுக்கு எது ஏற்றது' என்ற கேள்வி நானூறு ஆண்டுப் பழமை உடையது. அரசவையிலும் மதரஸாவிலும் நம் ஊர்த் திண்ணையிலும் அது கேட்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதற்கு ஒரு புதிய கருவி விடையாக வந்திருக்கிறது.

மதுரையில் சுல்தான்கள் ஆண்ட காலத்தில், 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இப்னு பதூதா இந்நகருக்கு வந்தார். தம் பயண நூலில் இந்நாட்டு வெற்றிலை பாக்கைப் பற்றி விரிவாக எழுதிய அவர், புகையிலையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. எழுத வழியே இல்லை. அச்செடி அப்போது அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி வந்திருக்கவில்லை. ஆகவே நபி (ஸல்) அவர்களின் காலத்திலும், நான்கு இமாம்களின் காலத்திலும், மதுரையில் முதல் பாங்கோசை எழுந்த காலத்திலும் புகையிலை முஸ்லிம்களின் வாழ்வில் இல்லை. மார்க்க நூல்களில் அதன் பெயர் நேரடியாக வராததற்குக் காரணம் இதுதான். பெயர் வரவில்லை என்பதையே அனுமதியாக எடுத்துக்கொள்வோர் இந்த எளிய காலக்கணக்கை மறந்துவிடுகின்றனர்.

போர்ச்சுகீசியர் கொண்டுவந்த புகையிலை முதலில் தக்காணத்தில் ஊன்றியது. 1604ஆம் ஆண்டளவில் அக்பரின் தூதராகப் பீஜப்பூர் சென்று திரும்பிய அசத் பேக், பேரரசருக்கென்று ஒரு கருவியைக் கொண்டுவந்தார். ஆச்சேயில் செய்த நீண்ட குழல். அதில் மணிகள் பதித்த வேலைப்பாடு. வாய் வைக்கும் இடத்தில் யமன் நாட்டு அகீக் கல். தொடங்குகிறவரின் கண்ணைக் கவரும்படி செய்யப்பட்ட கருவிகளுள் நம் நாட்டு வரலாறு விரிவாகப் பதிவு செய்த முதலாவது இதுவே எனலாம். அக்பர் இரண்டு மூன்று முறை இழுத்துப் பார்த்தார். அரசவை மருத்துவர் தடுத்தார்; இப்பொருளைப் பற்றி நம் மருத்துவ நூல்களில் ஏதும் இல்லை, சோதித்தறியாததை அரசர் உட்கொள்ளலாகாது என்பது அவர் வாதம். ஐரோப்பியரிலும் அறிஞர் உண்டு, ஆராயாமலா பழகியிருப்பார்கள் என்று அசத் பேக் மறுத்தார். அக்பர் அதைத் தொடரவில்லை. ஆனால் அவையோர் ஆளுக்கு ஆள் கேட்டு வாங்கினர். வணிகர் வரவழைத்து விற்றனர். சில ஆண்டுகளுக்குள் பழக்கம் எங்கும் பரவிவிட்டது. 1617இல் ஜஹாங்கீர் தடை விதித்தார். அதனால் பழக்கம் நிற்கவில்லை.

புகையை நீரினூடே செலுத்தினால் அதன் கேடு நீங்கும் என்ற எண்ணம் உக்காவைப் பரப்பியது. நீர் புகையைக் குளிர்விக்கிறது, தொண்டைக்கு இதமாக்குகிறது. நிக்கோட்டினையும் கார்பன் மோனாக்சைடையும் அது பெரிதாகத் தடுப்பதில்லை என்பதை இன்று அறிவோம். இருமல் வராததால் கேடும் இல்லை என்று அன்றையோர் நம்பினர். இந்தத் தவறான அனுமானம் பின்னால் வேறு உருவில் திரும்பி வருவதைக் காண்போம்.

அதே நூற்றாண்டில் மார்க்க அறிஞர்களிடையே எழுந்த விவாதம், நம் மதரஸாக்களில் இன்னும் விரிவாகப் பேசப்பட வேண்டிய ஒன்று. அரபியில் இதை 'ஷுர்புத் துகான்', அதாவது புகையைக் குடித்தல் என்றனர். நாமும் பீடி குடித்தல், சுருட்டுக் குடித்தல் என்றுதான் சொல்கிறோம். எகிப்தின் மாலிக்கி அறிஞரும், நம் மாணவர்கள் ஓதும் 'ஜவ்ஹரத்துத் தவ்ஹீத்' நூலின் ஆசிரியருமான இப்ராஹீம் அல்லகானீ இதற்கு எதிராக எழுதினார். அதே ஊரில், அதே மத்ஹபில், அலீ அல்உஜ்ஹூரி அறிவை மயக்காத அளவில் கூடும் என்று எழுதினார். ஷாஃபிஈ அறிஞர் அல்கல்யூபி ஹராம் என்றார். உஸ்மானியப் பேரரசர் நான்காம் முராத் 1633இல் தடை விதித்து, மீறியவர்களுக்கு மரண தண்டனையும் அளித்தார். தடையின் கொடுமை ஓய்ந்த பின், திமிஷ்கின் ஹனஃபி அறிஞர் அப்துல் கனீ அந்நாபுலுஸீ 1682இல் முபாஹ் என்று நிறுவி ஒரு தனி நூலே இயற்றினார். பின்னாளில் இப்னு ஆபிதீனும் அக்கருத்தை எடுத்தாண்டதால், ஹனஃபி வழி நடக்கும் நம் ராவுத்தர் குடும்பங்களில் 'மக்ரூஹ்தான், ஹராம் இல்லை' என்ற சொல் தலைமுறைகளாக நிலைத்தது.

அனுமதித்த பெரியோரைக் குறைகூற நாம் யார்? அவர்கள் பிடித்த அளவுகோலைப் பார்க்க வேண்டும். ஒரு பொருள் தீங்கு தருவது உறுதியானால் தடை, உறுதியாகாதவரை அனுமதி என்பதே அது. அவர்கள் முன் காப்பியின் எடுத்துக்காட்டு இருந்தது. 1511இல் மக்காவின் அதிகாரி காயிர் பேக் காப்பியைத் தடைசெய்தார். பின்னர் அத்தடை நிற்கவில்லை, காப்பி ஹலாலான பானமாகவே உலகெங்கும் நிலைபெற்றது. புகையிலைக்கும் அப்படித்தான் ஆகும் என்று நாபுலுஸீயின் காலத்தில் எண்ணியதில் வியப்பில்லை. இன்று வேப்புக்கு வாதாடும் இளைஞரும் இந்தக் காப்பிக் கதையையே நம்மிடம் சொல்கின்றனர். ஆனால் காப்பியைக் காப்பாற்றியது அதைப் பின்னர் ஆராய்ந்ததில் தீங்கு நிலைபெறாமல் போனதே. புகையிலையை ஆராய்ந்ததில் நேர்மாறாக ஆயிற்று. 1950இல் பிரிட்டனின் டால், ஹில் என்னும் இரு ஆய்வாளர்கள் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டினர். 1964இல் அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை அதை உறுதிசெய்தது. 1682இல் இல்லாத அறிவு வந்துவிட்டது. நாபுலுஸீயின் அளவுகோலைக் கொண்டே அளந்தாலும் இனி விடை வேறு.

மலேசியாவின் தேசிய ஃபத்வா குழு 1995இல் புகைப்பதை ஹராம் என்று அறிவித்ததும், 2015இல் வேப்பையும் அவ்வாறே அறிவித்ததும் இவ்வழியில்தான். கைகளாலேயே அழிவைத் தேடிக்கொள்வதை விலக்கும் அல்பகராவின் 195ஆம் வசனமும், தூய்மையானவற்றை ஆகுமாக்கி அருவருப்பானவற்றை விலக்கும் அல்அஃராஃபின் 157ஆம் வசனமும் இவ்விவாதத்தில் எடுத்தாளப்படுபவை. வெள்ளைப்பூண்டு உண்டவர் அந்த வாடையோடு பள்ளிக்கு வரலாகாது என்ற நபிமொழியையும் அறிஞர் சேர்த்துச் சொல்வர். மாம்பழ வாசம் வீசினால் இந்த ஒரு தடை மட்டும் நீங்குமோ என்னவோ!

நம் மண்ணுக்கு வருவோம். 1985 வரை மதுரை மாவட்டத்தோடு சேர்ந்திருந்த திண்டுக்கல், புகையிலைக்குப் பெயர்பெற்றது. திண்டுக்கல்லிலும் திருச்சியிலும் சுற்றிய சுருட்டுகள் இங்கிலாந்துவரை சென்றன. 'செரூட்' என்ற ஆங்கிலச் சொல்லே நம் 'சுருட்டு'தான். வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும் இவ்வட்டாரத்திலிருந்து தமிழ்நாடெங்கும் போயிற்று. சீனிச்சக்கரைப் புலவர் பழனியை வைத்துப் பாடிய 'புகையிலை விடு தூது' என்றொரு சிற்றிலக்கியமே இருக்கிறது; உ.வே. சாமிநாதையர் அதைப் பதிப்பித்தார். அந்த அளவுக்குப் புகையிலை இந்நிலத்தின் பொருளாகிவிட்டது. வேடசந்தூரில் 1948இலேயே புகையிலை ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. தெற்கே மேலப்பாளையத்தில் கைத்தறி நலிந்தபோது, நம் சமுதாயப் பெண்கள் வீட்டில் அமர்ந்து பீடி சுற்றிக் குடும்பம் காத்தனர். புகையிலையைக் கடிந்து பேச நம் மேடைகள் நெடுங்காலம் தயங்கியதற்கு ஃபிக்ஹின் கருத்து வேறுபாடு மட்டும் காரணமன்று, இந்த வயிற்றுப்பாடும் காரணம் என்பது நம் எண்ணம். மேலப்பாளையத்துத் தாய்மாரைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்களுக்கு வேறு தொழில் காட்டாத நம் செல்வந்தர்களுக்குத்தான் இது உறைக்க வேண்டும்.

இதன் பின் வந்த கருவிகள் எல்லாம் முந்தையதைவிட மென்மையானவை என்ற பெயரோடுதான் வந்தன. சுருட்டைவிடச் சிகரெட் மெல்லியது என்றனர். 1950களில் புற்றுநோய்ச் செய்தி பரவியதும், பில்டர் வைத்தது பாதுகாப்பானது என்றனர். அடுத்து 'லைட்' வந்தது. புகைப்பவர் இன்னும் ஆழமாக இழுத்து, குறைந்த நிக்கோட்டினை ஈடுசெய்துகொண்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

இப்போதைய கருவியின் கதை சற்று வேறு. அதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சீன மருந்தாளுநர் ஹான் லிக் 2003இல் இதை உருவாக்கியபோது தொடங்குகிறவரை எண்ணி உருவாக்கவில்லை. அவரே கடும் புகைப்பழக்கம் உடையவர். அவருடைய தந்தை நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர். மின்கலம் ஒரு கம்பிச் சுருளைச் சூடாக்கும். பஞ்சில் ஊறிய திரவம் ஆவியாகும். அத்திரவத்தில் புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் நிக்கோட்டினும் மணப்பொருளும் இருக்கும். இலை எரியாததால் தாரும் கார்பன் மோனாக்சைடும் பெரிதும் குறைகின்றன. ஆகவே பல ஆண்டுகள் சிகரெட் குடித்தவருக்கு இது அதைவிடக் கேடு குறைந்தது என்றே மருத்துவர் பலர் கருதுகின்றனர். பழக்கத்தை விட முயல்வோருக்கு நிக்கோட்டின் பட்டை, சூயிங்கம் ஆகியவற்றைவிட இது அதிகம் உதவியதாகக் காக்ரேன் மதிப்பாய்வும் கூறுகிறது. பிரிட்டனில் சிகரெட்டை விடுவதற்கான வழிகளுள் ஒன்றாகவே இதைச் சொல்கின்றனர்.

ஆனால் சிகரெட்டே தொடாதவரைப் பொறுத்தவரை ஒப்பீடு சிகரெட்டோடு அன்று, சுத்தமான காற்றோடு. கணக்கு தலைகீழாகிவிடுகிறது. நிக்கோட்டின் இயல்பாகவே தொண்டையைக் காறச் செய்வது. புதியவனை இருமவைத்து விரட்டியது அந்தக் காறல்தான். 2015இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த ஜூல், பென்சாயிக் அமிலம் சேர்த்த நிக்கோட்டின் உப்பைப் பயன்படுத்தி அக்காறலைப் பெருமளவு அடக்கியது. அதனால் 5 விழுக்காடு செறிவுள்ள திரவத்தைக்கூடப் புதியவர் இதமாக இழுக்க முடிந்தது. உக்காவின் நீர் செய்த வேலையை இங்கே வேதியியல் செய்தது. விளைவு, 2019இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவரில் 27.5 விழுக்காட்டினர் மின்சிகரெட் பயன்படுத்துவோராயினர். 'தொடங்குகிறவனுக்கு ஏற்றது' என்று சந்தை சொல்லும்போது, எளிதில் பழகக்கூடியது என்று பொருள். எளிதில் பழகியதை எளிதில் விட முடிவதில்லை.

நம் நாட்டின் சட்டமும் தெளிவு. தமிழ்நாடு 2018இல் தடை விதித்தது. நடுவண் அரசு 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டம் கொண்டுவந்து, ஆண்டு இறுதிக்குள் அதை நாடாளுமன்றச் சட்டமாக்கியது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் முதலியவற்றுக்கு முதல் முறை ஓராண்டுவரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் மூன்றாண்டுவரை சிறையும் ஐந்து லட்சம்வரை அபராதமும் உண்டு. இருப்பு வைப்பதும் குற்றம். நிக்கோட்டின் இல்லாத கருவியும், சூடாக்கும் புகையிலையும், மின் உக்காவும் இதே வரையறைக்குள் வருகின்றன. ஐக்கிய அரபு அமீரகம் 2019 முதல் விற்பனையை அனுமதிக்கிறது என்பதால், அங்கே கடையில் வாங்கியது இங்கேயும் செல்லும் என்று நம் பிள்ளைகள் நினைத்துவிடுகின்றனர். மதுரையிலிருந்து சிங்கப்பூர் செல்வோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே 2018 முதல் வைத்திருப்பதும் பயன்படுத்துவதுமே குற்றம்.

இவற்றையெல்லாம் அந்த மாணவரிடம் இவ்வளவு நீட்டிச் சொல்லவில்லை. கிளிசரின் பெரும்பாலும் தாவர எண்ணெயிலிருந்து எடுப்பது, உம்முடைய ஐயம் அங்கே இருக்க வேண்டியதில்லை, நிக்கோட்டினிடத்தில் இருக்க வேண்டும் என்றோம். சிகரெட் குடிக்காதவருக்கு ஏற்ற மின்சிகரெட் எது என்று கேட்டால், அப்படி ஒன்று இல்லை என்றோம். நண்பர் தந்ததை என்ன செய்வது என்று கேட்டார். திருப்பிக் கொடுத்துவிடும், அவரையும் இங்கே விற்கவோ பிறருக்குக் கொடுக்கவோ வேண்டாம் என்று சொல்லும் என்றோம்.

அவர் போன பின்பும் ஒருவர் எழுந்திருக்கவில்லை. தூணருகே அமர்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்; நாற்பது ஆண்டுகளாகப் பீடி குடிப்பவர்; ரமளானில் ஸஹரிலிருந்து இஃப்தார்வரை தொடாமல் இருப்பவர், பேரீச்சம்பழத்துக்குப் பின் நேரே வாசலுக்குப் போகிறவர். "தம்பி, அந்தப் பையனுக்குச் சொன்னீர்கள், எனக்கு என்ன வழி?" என்றார். புகையிலையை விட உதவும் தேசியக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-112-356 என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தோம். நிக்கோட்டின் சூயிங்கம் மருந்துக் கடையில் கிடைக்கும், எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்றோம். தாளை மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார். மஃரிபுக்கு இன்னும் நேரம் இருந்தது. அன்று அவர் வெளியே போகாமல் உள்ளேயே இருந்தார்.