குளிர்கால மான்வேட்டையில் நிற்குமிடம்: ‘டிரிஸ்ட்’, ‘ஸ்டேபிள்’ என்னும் இரு சொற்களின் வரலாறு

இடைக்கால இங்கிலாந்தில் கலைமானுக்கும் பிணைமானுக்கும் வேட்டைப் பருவம் வேறுவேறாக இருந்தது. கலை கொழுத்திருக்கும் கோடை அதற்குரியது. பிணைக்குரியது பொதுவாக நவம்பர் 11 முதல் பிப்ரவரி 2 வரையிலான குளிர்காலம். ‘ஃபெர்மிசன்’ எனப்பட்ட இப்பருவத்தில் கலையைத் தொடலாகாது. 14ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியைச் சார்ந்த ‘சர் கவைனும் பச்சை வீரனும்’ என்னும் ஆங்கிலக் காவியம் கிறிஸ்துமஸை ஒட்டிய வேட்டையைப் பாடுகையில் இத்தடையைப் பிறழாமல் குறிக்கின்றது. அங்குக் கலைகளுக்கு வழி விடப்படுகின்றது. பிணைகள் மட்டுமே மறிக்கப்படுகின்றன.

இவ்வேட்டையில் மனிதன் மானைத் துரத்திச் செல்வதில்லை. நாய்களும் ஆட்களும் மானை ஓட்டிவர, வேட்டையாடுவோர் குறித்த இடத்தில் காத்து நிற்பர். ஆகவே நிற்குமிடமே வெற்றியை உறுதிசெய்யும். மான் வரும் திசையிலிருந்து காற்று தம்மை நோக்கி வீசுமாறு நிற்றல் வேண்டும். மாறி வீசினால் மனித வாடை காட்டிக்கொடுத்துவிடும். இலையுதிர்ந்த குளிர்காலக் காட்டில் மறைவு குறைவு; பின்னால் ஒரு பருத்த அடிமரம் இருந்தாக வேண்டும்.

நிற்போர் அனைவரும் ஒரே நிலையினர் அல்லர் என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. அவ்வேற்றுமையைச் சொற்களே காட்டுகின்றன. மான் தப்பாதவாறு காட்டைச் சூழ்ந்து நிற்கும் ஆள்வரிசை ‘ஸ்டேபிள்’ எனப்பட்டது. அரசர் வேட்டையாடும்போது ஹெர்ஃபோர்டு நகரில் வீட்டுக்கு ஓர் ஆள் இவ்வாறு காட்டில் நிற்கச் செல்வது வழக்கம் என்று 1086ஆம் ஆண்டின் டோம்ஸ்டே ஏடு பதிவுசெய்துள்ளது. அவர்களுக்கு அது வேட்டையன்று, கடமை.

‘டிரிஸ்ட்’ என்பதோ வேட்டைநாய்களுடன் காத்திருக்கும் குறித்த இடம். காஸ்டன் ஃபெபுஸ் 1387இல் எழுதத் தொடங்கிய பிரெஞ்சு வேட்டை நூலை யார்க் கோமகன் எட்வர்டு 1406க்கும் 1413க்கும் இடையில் ‘வேட்டைத் தலைவன்’ என்னும் பொருள்படும் பெயரில் ஆங்கிலப்படுத்தினார். மூலத்தில் இல்லாத, இங்கிலாந்தின் வழக்கங்களைக் கூறும் இயல்களையும் அவர் சேர்த்தார். (மொழிபெயர்ப்பாளர் மூலத்தை மீறியதால் வரலாறு பயன்பெற்ற இடங்களுள் இதுவும் ஒன்று.) அரசரும் அரசியும் பெண்டிரும் நாய்களும் வெயிலாலும் கடும் வானிலையாலும் வருந்தாதபடி டிரிஸ்டில் பச்சைக் கிளைகளால் குடில் அமைக்கவேண்டும் என்று அவ்வியல்களில் காண்கிறோம். நாய்களுக்கும் குடில் உண்டு. ஸ்டேபிள் ஆட்களைப் பற்றி அவ்விடத்தில் பேச்சில்லை.

இவ்விரண்டையும் ‘பரண்’ என்று பெயர்த்தல் பொருந்தாது. பரணுக்கும், சங்க நூல்கள் கூறும் இதணம், கழுது ஆகியவற்றுக்கும் உயரம் இன்றியமையாதது. இவை நிலத்தில் நிற்கும் இடங்கள். எட்டாம் ஹென்றிக்காக 1543இல் சிங்ஃபோர்டில் எழுப்பப்பட்ட மரக் கட்டடத்தின் மேல்தளத்தைப் பரண் எனலாம். அதன் பெயர் ‘ஸ்டேண்டிங்’, டிரிஸ்ட் அன்று.

டிரிஸ்ட் பிற்காலத்தில் காதலர் சந்திக்கும் இடத்தையும், ஸ்காட்லாந்தில் கால்நடைச் சந்தையையும் குறிக்கலாயிற்று. 1947 ஆகஸ்ட் 14 இரவு நேரு ஆற்றிய உரையில் வருவது விரிந்த பொருளிலான இச்சொல்லே. அங்கு வேட்டைக்கு இடமில்லை. தமிழில் ‘குறியிடம்’ என்னும் சொல் இங்குப் பெரிதும் துணைசெய்யும்: குறித்த இடம் என்னும் நேர்ப்பொருள் வேட்டைக்கும், பகற்குறி, இரவுக்குறி என்னும் அகமரபு காதலுக்கும் பொருந்துகின்றன. ஸ்டேபிளுக்கு ‘மறிப்பு வரிசை’ எனலாம். இவ்வேட்டைப் பொருள் இன்றைய ஆங்கிலத்தில் வழக்கொழிந்து, குதிரை லாயம் என்னும் பொருளே எஞ்சியிருப்பதால், பழைய வேட்டைப் பகுதிகளைப் பெயர்ப்போர் ‘வில்லும் லாயமும்’ என எழுதிவிட இடமுண்டு.