பின்னக் கூட்டலும் பராயிழ் கணக்கும்

வாப்பா மவுத்தான வருடம், பூவரசங்குளத்து வயலில் விளைந்த நெல்லைப் பங்கு வைக்கும்போதுதான் எனக்குப் பின்னம் கூட்டத் தெரியாது என்பது வெளிப்பட்டது. உம்மாவுக்கு எட்டில் ஒன்று, வாப்பும்மாவுக்கு ஆறில் ஒன்று, மிச்சம் பிள்ளைகளான எங்களுக்கு. இருவருக்கும் சேர்த்து எவ்வளவு என்று பெரியவாப்பா கேட்டார். மேலே உள்ளதை மேலோடும் கீழே உள்ளதைக் கீழோடும் கூட்டி, “பதினாலில ரெண்டு” என்றேன்.

“அப்ப ஏழில ஒன்று. வாப்பும்மாட பங்கு மட்டுமே ஆறில ஒன்று. உம்மாட பங்கையும் சேர்த்தா குறையுமா மகன்?”

பிறகு 24 புளியங்கொட்டைகளைப் பாயில் பரப்பினார். உம்மாவுக்கு 3, வாப்பும்மாவுக்கு 4, பிள்ளைகளுக்கு 17. பாடசாலையில் பொ.ம.சி. என்று மனப்பாடம் செய்தது என்னவென்று அன்றுதான் விளங்கியது.

நம் ஊர்களில் புழங்கிய கால், அரைக்கால், மாகாணி ஆகியவை பாதி பாதியாகப் பிரிந்து வருபவை. அவற்றைக் கூட்டுவது இலகு. ஆனால் சூறா நிஸா கூறும் பங்குகள் ஆறு: அரை, கால், அரைக்கால், மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று. மூன்றின் வழி வருபவை கால், அரைக்காலோடு நேரடியாகச் சேரா. ஆகவே பராயிழ் அறிஞர்கள் 2, 3, 4, 6, 8, 12, 24 என்ற ஏழு எண்களை அடிப்படையாக வகுத்தார்கள். எந்த வாரிசுகள் கூடினாலும், குறித்த பங்குகளுக்கு இவற்றுள் ஒன்று பொதுப் பகுதியாக அமையும்.

கூட்டுத்தொகை ஒன்றைத் தாண்டினால்? கணவனும் இரு உடன்பிறந்த சகோதரிகளும் வாரிசுகள் என்றால் அரையும் மூன்றில் இரண்டும்: ஆறில் 7. உமர் (றழி) காலத்தில் எழுந்த இச்சிக்கலுக்கு, சொத்தை ஏழாகப் பிரித்து எல்லோர் பங்கையும் ஒரே விகிதத்தில் குறைக்கும் ‘அவ்ல்’ முறை தீர்வானது. இப்னு அப்பாஸ் (றழி) இதில் மாறுபட்டார்கள். மனைவி, இரு பெண்மக்கள், தாய், தந்தை என்ற வழக்கில் 3, 16, 4, 4 சேர்ந்து 27 ஆகும். மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிட்டதென அலீ (றழி) மிம்பரில் நின்றபடியே கூறியதாக அறிவிக்கப்படுகிறது.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் அல்குவாரிஸ்மி எழுதிய அல்ஜப்ர் நூலின் பெரும்பகுதி மரணசாசன, வாரிசுக் கணக்குகளே. தொகுதிக்கும் பகுதிக்கும் இடையே நாம் இடும் கோட்டை, 12ஆம் நூற்றாண்டில் மக்ரிபைச் சேர்ந்த அல்ஹஸ்ஸாரின் கணித நூலில் காண்கிறோம்.

இலங்கையில் 1806ஆம் ஆண்டின் முகம்மதியர் சட்டக்கோவையும், பின்னர் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டமும் இப்பங்கீட்டுக்கு இடமளித்தன. சட்டம் இருந்தும் கூட்டத் தெரியாத வீட்டில் விதவையின் பங்குதான் முதலில் குறைகிறது. மத்ரஸாவில் பராயிழும் பாடசாலையில் பின்னமும் தனித்தனியே நடக்கின்றன. இரண்டையும் ஒரே பாயில் வைத்துக் கற்பிக்க 24 புளியங்கொட்டை போதும்.