கேமரன் மலையும் எதிராளி வேண்டிய ஆட்டங்களும்

1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் கண்டு குறித்துச் சென்ற பகாங் மாநிலத்து மலைப்பிரதேசத்தில், 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது, கொழுந்து பறித்து ஜீவனம் செய்ய வந்த தமிழ் ஜனங்களிடம் உடைமை என்று சொல்லத்தக்கது சொற்பமே. ஆயினும், மலாயாத் தோட்டங்களுக்குத் தமிழர் கொண்டுவந்தவற்றுள் சுமையில்லாத செல்வம் ஒன்று உண்டு, அதுவே பல்லாங்குழி.

பலகை இல்லாவிட்டால் தரையிலேயே ஏழேழாக இரு வரிசை குழி பறித்து, குழிக்கு ஐந்து காயிட்டு, ஒரு குழிக் காய்களை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகையில், எந்தக் குழியில் நான்கு சேர்ந்தாலும் அதைப் 'பசு' என்று அக்குழிக்குரியவர் எடுத்துக்கொள்வார். தோற்றவரோ தம் கையில் மிஞ்சியவற்றால் நிரம்பாத குழிகளை விட்டுவிட்டு, மறு ஆட்டத்தைக் குறைந்த குழிகளோடு தொடங்கவேண்டும். இந்த நியமத்தின்முன் வயதின் அதிகாரம் செல்லாது. பாட்டியும் பருவமடைந்த பேத்தியும் எதிரெதிரே அமர்ந்தால், மனக்கணக்கில் வல்லவளே ஜெயிப்பாள். மலாய்க்காரர் ஆடும் சொங்காக்கும் இதே குடும்பத்தது; இரு முனைகளிலும் பெருங்குழி வைத்திருப்பதே அதன் விசேஷம்.

பல்லாங்குழியைப் போலவே, திரையில் ஆடும் ஆட்டமும் ஆதியில் பெரும்பாலும் எதிராளியை வேண்டியே பிறந்தது. 1972-இல் ரால்ஃப் பேர் அமெரிக்க வீடுகளுக்கு அளித்த ஒடிசி என்னும் விளையாட்டு யந்திரமும், அவ்வாண்டே வெளிவந்த பாங் ஆட்டமும் இருவர் கூடி ஆடுவதற்கென்றே அமைந்தவை. 1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் போன்றவை பெற்ற கீர்த்தியால்தான் ஒருவர் தனித்து யந்திரத்தோடு போராடுவது வழக்கமாயிற்று. இன்று மலேசிய இளைஞர் மோகங்கொண்டிருக்கும் மொபைல் லெஜெண்ட்ஸ் என்னும் கைப்பேசி ஆட்டமோ, ஐவருக்கு ஐவர் என்று மறுபடியும் கூட்டாளிகளைக் கேட்கிறது.

ஆகவே, கைப்பேசிதான் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தது என்னும் பழியை நான் முழுதும் ஒப்பவில்லை. குழிப்பலகையின் எதிரே தாய் அமர்ந்திருந்தாள். திரையின் பக்கத்தில் அவளுடைய இடம் காலியாக இருக்கிறது. நாள் முழுதும் மலைச்சரிவில் கொழுந்து பறித்து வரும் உடம்புக்கு அயர்ச்சி உண்டு என்பதை அறிந்தே சொல்கிறேன்: பெற்றோரே, ஓய்வுநாளில் ஒரு நாழிகையேனும் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து, அவன் ஆடும் ஆட்டத்தின் நியமத்தை அவனிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள், அவனுக்குப் பல்லாங்குழியைக் கற்றுக்கொடுங்கள்.