நன்றியறிதல் நாள் வான்கோழிச் சமையல்

அமெரிக்காவில் நவம்பர் நான்காம் வியாழனன்று வரும் நன்றியறிதல் நாள் விருந்தின் நடுநாயகம் முழு வான்கோழி. அதைச் சமைப்பதில் உள்ள சிக்கல், கொழுப்பு குறைந்த நெஞ்சுக்கறி சீக்கிரம் வறண்டுவிடும், தொடைக்கறி வேக நேரமாகும் என்பதே.

பரவலான முறை, ஓவனில் 163 டிகிரி செல்சியஸில் சுடுவது. 6 கிலோ பறவைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலாகும். முதல் நாளே உப்புத் தடவி வைத்தால் கறியில் சாறு தங்கும். முதுகெலும்பை வெட்டியெடுத்து, நெஞ்சை அழுத்தித் தட்டையாக்கிச் சுட்டால் நேரம் வெகுவாகக் குறையும், தோல் முழுக்க மொறுமொறுக்கும். மேசையில் எடுப்பாகத் தெரியாவிட்டாலும் சுவைக்கு இதுவே சிறந்த வழி. மரப்புகையில் மெதுவாக வேகவைப்பதும் உண்டு.

லூயிசியானா உள்ளிட்ட தென் மாநிலங்களில் முழுப் பறவையையே சுமார் 175 டிகிரி கடலை எண்ணெயில் பொரிப்பார்கள்; ஒரு மணி நேரத்துக்குள் வெந்துவிடும். பறவையில் பனிக்கட்டியோ ஈரமோ இருந்தால் எண்ணெய் பொங்கி வழிந்து தீப்பற்றும். எனவே வீட்டைவிட்டுத் தள்ளி, திறந்த வெளியில்தான் பொரிக்க வேண்டும். உறைந்த வான்கோழி இளகுவதற்குக் குளிர்பெட்டியில் 2 கிலோவுக்கு ஒரு நாள் வீதம் தேவை.

எம்முறையாயினும், எலும்பில் படாமல் தொடையில் குத்திய வெப்பமானி 74 டிகிரி காட்ட வேண்டும். வயிற்றில் திணித்த ரொட்டிக் கலவைக்கும் அதே அளவுதான்.