ஹார்வர்டு கோட்டைவிட்ட மேடை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் நாடகத் துறைகள் வருடாவருடம் 'சீஸன்' அறிவித்து, மாணவர்களை மேடையேற்றுகின்றன. இதற்கெல்லாம் பாதை போட்டவர்களில் முக்கியமானவர், ஜார்ஜ் பியர்ஸ் பேக்கர்!

ஹார்வர்டு பேராசிரியரான அவர், நாடகம் எழுதக் கற்றுத்தந்த வகுப்பின் பெயர் 'ஆங்கிலம் 47'. எழுதினால் மட்டும் போதுமா? மேடை ஏறினால்தானே சாயம் வெளுக்கும்! எனவே, மாணவர்களின் நாடகங்களை அரங்கேற்ற '47 வொர்க்‌ஷாப்' துவக்கினார் பேக்கர். பார்வையாளர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை... நாடகம் எப்படி என்று விமர்சனம் எழுதித் தந்தாக வேண்டும்!

1914-ல் அந்த வகுப்பில் சேர்ந்த ஓர் இளைஞர் - யூஜின் ஓ'நீல். ஆம், 1936-ல் நோபல் பரிசு வாங்கிய அதே நாடகாசிரியர்தான்!

நாடகம் எழுதுவதற்கும் பட்டம் தரவேண்டும் என்று கேட்டுப் பார்த்தார் பேக்கர். ஊஹும்... ஹார்வர்டு மசியவில்லை. இந்தப் பக்கம், போட்டிப் பல்கலைக்கழகமான யேலுக்கு எட்வர்டு ஹார்க்னெஸ் என்ற கோடீஸ்வரர் நாடகத் துறைக்காக 10 லட்சம் டாலரை அள்ளிக் கொடுத்தார். விளைவு? 1925-ல் பேக்கர் மூட்டை கட்டிக்கொண்டு யேலுக்குப் போய்விட்டார். மறு வருடமே அங்கே புத்தம்புது தியேட்டர் ரெடி!

சரி, இளநிலை மாணவர்கள் நாடகத்தை முதன்மைப் பாடமாக எடுக்கலாம் என்று ஹார்வர்டு இறங்கி வந்தது எப்போது தெரியுமா? 2015-ல். பேக்கர் கிளம்பிப் போய் 90 வருடம் கழித்து!